பிச்சாவரம் செல்வோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது படகேறும் வேளை

இரண்டு நாள் விடுப்பில் சென்னையிலிருந்து குடும்பத்தோடு கிள்ளை, பிச்சாவரம் பக்கம் செல்லவிருப்பதாகவும், உடன் வருவோரில் எழுபது வயதைக் கடந்த ஒருவரும் பள்ளி செல்லும் பிள்ளை ஒருவரும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தங்குவது கிள்ளையிலா சிதம்பரத்திலா, நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும், துடுப்புப் படகில் காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்ற மூன்று கேள்விகளில் மூன்றாவதற்கே முதலில் விடை காண வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலோர் அறையை முதலில் பதிவு செய்துவிட்டு, கோயிலைப் பார்த்து, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் படகுத்துறைக்குப் போகிறார்கள். அந்த நேரம் பிற்பகல் இரண்டு மணி வெயிலாகவும் நீர் வற்றிய வேளையாகவும் அமைந்துவிட்டால், அகன்ற நீர்ப்பரப்பில் கண் கூசச் சுற்றிவிட்டுத் திரும்புவதைத் தவிர வேறொன்றும் வாய்க்காது. படகேறும் வேளையை முடிவு செய்துகொண்டால் எங்கே உறங்குவது, எப்போது எதை உண்பது என்பவை தாமாகவே அதன் பின்னால் வந்து அமையும்.

இடத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மாவட்டத்தில் வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் சேரும் இரு முகத்துவாரங்களுக்கு நடுவே பிச்சாவரம் அலையாத்திக் காடு கிடக்கிறது. காட்டின் பரப்பு ஏறத்தாழ 1,100 எக்டேர். 2022இல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கிள்ளை பேரூராட்சி காட்டுக்கு அருகில் உள்ள சிற்றூர்; வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது; மேற்கே சிதம்பரம். சிதம்பரத்திலிருந்து படகுத்துறை சுமார் 15 கிலோமீட்டர் தூரம், அரை மணி நேரப் பயணம். காட்டுக்கும் கடலுக்கும் இடையே நீண்ட மணல்திட்டு ஒன்று உண்டு. சின்னவாய்க்கால் பக்கத்து முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது. கொள்ளிடத்துப் பாசன நீரின் மிச்சம் கான் சாகிப் வாய்க்கால் முதலானவற்றின் வழியாக மறுபக்கத்திலிருந்து இறங்குகிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் இந்தக் கலவைதான் காட்டை வாழ வைக்கிறது.

ஓதம் எனப்படும் கடல்நீரின் ஏற்ற இறக்கத்தால் காட்டுக்குள் ஒரு நாளில் இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறே கால் மணி நேரம் செல்லும். ஒவ்வொரு நாளும் அந்த வேளை சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இந்தக் கரையில் நீர்மட்ட வேறுபாடு குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் முழங்கால் ஆழமே உள்ள ஒரு வாய்க்காலில் அந்த ஒரு மீட்டர்தான் படகு உள்ளே போகுமா, சேற்றில் தட்டி நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே கடலூர்த் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையைக் கைப்பேசியில் பார்த்து, நீர் முழுவதும் ஏறுவதற்கு ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரம் முன்னதாகப் படகேறும்படி நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். முகத்துவாரத்திலிருந்து தள்ளி இருப்பதால் காட்டுக்குள் ஏற்றம் சற்றுத் தாமதமாகவே வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பறவைகளைப் பார்ப்பதே முதன்மை நோக்கம் என்றால் கணக்கு நேர்மாறாகும். நீர் வற்றிச் சேற்றுத்திட்டுகள் வெளிப்படும்போதுதான் கொக்கும் உள்ளானும் இரைதேட இறங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளும் சேர்ந்துகொள்ளும். உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற வேளை காலை எட்டு மணி முதல் பத்தரைக்குள் நீர் ஏறும் ஒரு நாள்தான். அப்படிப்பட்ட நாள்கள் மாதத்தில் சில கட்டாயம் அமையும். அவற்றுள் சனி, ஞாயிறு அல்லாத ஒன்று வாய்த்தால் வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சம்.

படகுத்துறையைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. துடுப்புப் படகும் மோட்டார் படகும் வாடகைக்கு உண்டு. மோட்டார் படகு தூரம் போகும், முகத்துவாரப் பக்கத்து மணல்திட்டு வரைக்கும்கூடப் போகும். ஆனால் குறுகிய வாய்க்கால்களுக்குள் அதனால் நுழைய முடியாது, இரைச்சலில் பறவையும் நிற்காது. காட்டைப் பார்க்க வந்தவருக்கு மோட்டார் படகு தேவையே இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். துடுப்புப் படகில் படகோட்டி உடன் வருவார். நீங்கள் துடுப்புப் போட வேண்டியதில்லை. முதலில் அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்க வேண்டும். பிறகு காட்டின் ஓரத்தில், வெளியிலிருந்து பார்த்தால் வழி இருப்பதே தெரியாத ஓர் இடைவெளியில் படகு திரும்பும். துடுப்பை வீச இடமில்லாத இடங்களில் படகோட்டி அதைப் படகுக்குள் இழுத்து வைத்துவிட்டு, தலைக்கு மேல் தாழ்ந்திருக்கும் கிளைகளையும் பக்கத்து வேர்களையும் கையால் பற்றி இழுத்தே படகை நகர்த்துவார். உள்ளே இருப்பவர்கள் குனிந்துகொள்ள வேண்டியிருக்கும். வெயில் அங்கே பொட்டுப்பொட்டாகத்தான் விழும்.

அந்த வாய்க்கால்களில் அவசரப்படாமல் இருக்கப் படகோட்டியிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள், ஏனெனில் பார்க்க வேண்டியவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நீரோரத்தில் வளைந்த முட்டுவேர்களை ஊன்றி நிற்பவை சுரபுன்னை மரங்கள். அவற்றின் விதை மரத்திலிருந்து விழும் முன்பே முளைத்து, முருங்கைக்காயின் இளம்பிஞ்சு போலப் பச்சையாக நீண்டு தொங்கும். விழுந்தால் சேற்றில் செங்குத்தாகக் குத்தி நிற்கும் அல்லது நீரில் மிதந்து வேறு கரை சேர்ந்து வேர்விடும். சற்று உட்புறத்தில், தரையிலிருந்து விரல்களை நட்டுவைத்தது போல ஆயிரக்கணக்கில் நிமிர்ந்திருப்பவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். காற்றுப் புகாத சேற்றுக்குள் இருக்கும் வேர்களுக்கு அவையே காற்றை எடுத்துச் செல்கின்றன. அந்த மரத்தின் இலையை விரலால் தடவிப் பார்த்தால் உப்பு ஒட்டும். வேண்டாத உப்பை அது இலை வழியே வெளியேற்றிவிடுகிறது. பிள்ளையிடம் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள், பாடப்புத்தகம் தராத மகிழ்ச்சி அது. ஆனால் கண்ட இலையையும் கிள்ளவிடாதீர்கள், கரையோரத்தில் தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, தோலில் பட்டாலும் கொப்புளம் எழும். சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரம் அதுதான் என்றாலும், கோயிலைச் சுற்றி இன்று காண முடியாத அந்த மரத்தை இங்கே வந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சில இடங்களில் வாய்க்கால்கள் நேர்கோட்டில், ஒரு பெரிய வாய்க்காலிலிருந்து இருபுறமும் மீன்முள் போலப் பிரிந்து செல்வதைக் காண்பீர்கள். அவை மனிதர் வெட்டியவை. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை பகுதி பகுதியாக மரங்களை முழுவதுமாக வெட்டி எடுக்கும் முறை இருந்தது. வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, உப்பு மிகுந்து, மீண்டும் எதுவும் முளைக்காத வெற்றுநிலமாயிற்று. பின்னர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து இந்த வாய்க்கால்களை வெட்டி, நீர் ஏறி இறங்க வழிசெய்து நாற்றுகளை நட்டார்கள். இன்று அடர்ந்து நிற்கும் காட்டின் ஒரு பகுதி அப்படி மீண்டதுதான். இடுப்பளவு நீரில் நின்றபடி, வலையின்றிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர்களை வழியில் பார்த்தால் கேமராவை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டாமல் இருப்பது நல்லது. அவர்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாம்தான் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

படகோட்டியோடு பேசிக்கொள்வது பற்றியும் ஒரு சொல். சீட்டு எடுத்த நேரத்துக்குள் எந்த வாய்க்கால் வரை போவது என்பதைக் கரையிலேயே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். “இன்னும் உள்ளே நல்ல இடம் இருக்கு சார், கொஞ்சம் பார்த்துக் கொடுங்க” என்ற பேச்சு நடுநீரில்தான் எழும். அங்கே பேரம் பேசுவது இருவருக்கும் அழகில்லை. வெயிலில் துடுப்புப் போடுபவருக்கு மனமுவந்து கூடுதலாகக் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எவ்வளவு நேரம், எவ்வளவு தொகை என்பது முன்பே தெரிந்திருந்தால் பயணம் கசக்காது, அவ்வளவுதான். உயிர்காப்பு உடையை எல்லோரும் அணிய வேண்டும். ஏறியதும் கழற்றி மடியில் வைத்துக்கொள்வோரைப் பார்த்துப் பிள்ளைகள் பழகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெகிழிப் பைகளையும் தின்பண்டப் பொட்டலங்களையும் படகுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பெரியவரைப் பொறுத்தவரை, படகில் அமர்ந்திருப்பதில் சிரமமில்லை. ஏறுவதும் இறங்குவதும்தான் சிரமம். நீர் தாழ்ந்திருக்கும்போது துறையின் விளிம்புக்கும் படகுக்கும் இடையே உயர வேறுபாடு கூடும். ஏற்ற நேரத்தில் போகச் சொல்வதற்கு இது மற்றொரு காரணம். படகின் நடுவில், சாய்வின்றி அமர வைத்து, மடக்குக் குடையோ அகன்ற தொப்பியோ கொடுங்கள். ஒரு மணி நேரப் பயணம் போதும். மற்றவர்கள் நீண்ட நேரம் செல்ல விரும்பினால் அவரைக் கரையில் நிழலில் அமர வைத்துவிட்டு இரண்டாம் முறை போவதே நல்லது.

தாமே துடுப்புப் போட வேண்டும், கயாக் வேண்டும் என்பவர்களுக்குப் பிச்சாவரம் எளிய இடமன்று. இது காப்புக்காடு, சொந்தப் படகைக் கொண்டுவந்து இறக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். வாய்க்கால்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால் வழி தப்புவதும் எளிது. துடுப்புப் போடப் பழக வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள கோவளம் பொருத்தமானது. அலைச்சறுக்குப் பள்ளிகள் அங்கே கயாக்கும் நின்று துடுப்புப் போடும் பலகையும் பயிற்றுநரோடு தருகின்றன. பிச்சாவரத்தில் முகத்துவாரத்தை ஒட்டிய மணல்திட்டில் இறங்கினாலும் அங்கே குளிக்க வேண்டாம். நீர் வற்றும் நேரத்தில் உள்நீர் முழுவதும் அந்த ஒரு வாயில் வழியாகக் கடலுக்கு இழுபடுகிறது. நீச்சல் தெரிந்தவரையும் அது விட்டுவைக்காது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தத் திட்டில் இருந்த மீனவக் குப்பங்களை அழித்துச் சென்றது. பிழைத்தவர்கள் உட்பகுதியில் குடியமர்த்தப்பட்டார்கள்.

இனித் தங்குமிடம். படகுத்துறையை ஒட்டிச் சுற்றுலாக் கழகத்தின் அறிஞர் அண்ணா சுற்றுலா வளாகம் உள்ளது. விடியலில் எழுந்ததும் காடு எதிரே இருக்கும் என்பதே அதன் பெருமை. அறைகள் குறைவு, ஆகவே கழகத்தின் முன்பதிவு வழியே உறுதி செய்துகொள்ளாமல் நேரே போய் நிற்கக் கூடாது. அந்தி சாய்ந்தபின் சுற்றுவட்டாரம் அடங்கிவிடும்; இரவு எட்டரைக்கு மருந்துக்கடையோ சுடுசோறோ தேடினால் கிள்ளைக்கோ சிதம்பரத்துக்கோதான் ஓட வேண்டும். கொசுவும் அதிகம். இளைஞர்கள் இருவர் என்றால் தயங்காமல் அங்கே தங்கச் சொல்வேன். முதியவரும் குழந்தையும் உடன் வரும்போது சிதம்பரமே பொருத்தம்.

சிதம்பரத்தில் ரயில்வே பீடர் சாலையில் சுற்றுலாக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே வி.ஜி.பி. தெருவில் உள்ள ஓட்டல் சாரதாராம் வெளியூர்க் குடும்பங்கள் நெடுங்காலமாகத் தங்கிவரும் இடம். சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். நான்கு வீதிகளை ஒட்டிய விடுதிகள் கோயிலுக்கு நடந்துபோக வசதி, ஆனால் கார் நிறுத்த இடமும் மின்தூக்கியும் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம், மகாசிவராத்திரியை ஒட்டிய நாட்டியாஞ்சலி ஆகிய நாள்களில் ஊரில் அறை கிடைப்பது அரிது. உங்கள் ஓத அட்டவணை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். பரங்கிப்பேட்டையில் தங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை, பகலில் ஒருமுறை போய்வர வேண்டிய ஊர் அது. சென்னையிலிருந்து சிதம்பரத்துக்கு எழும்பூரில் புறப்படும் சோழன் விரைவு வண்டி பகலில் வருகிறது. பேருந்தென்றால் புதுச்சேரி, கடலூர் வழி. சிதம்பரத்திலிருந்து பிச்சாவரத்துக்கு நகரப் பேருந்துகள் உண்டு, ஆனால் காலை ஏற்றத்தைப் பிடிக்க வேண்டிய நாளில் ஆட்டோவையோ வாடகைக் காரையோ முந்தின இரவே பேசி வைத்துக்கொள்வது நிம்மதி.

சாப்பாட்டில் சிதம்பரத்துக்கென்று ஒரு பெயர் உண்டு, அது கொத்சு. கத்தரிக்காயைப் புளியில் வேகவைத்து மசித்து, வறுத்து அரைத்த கொத்தமல்லி விதையும் மிளகாயும் சேர்த்துக் கெட்டியாக இறக்குவது. தீட்சிதர் வீட்டு முறையில் வெங்காயமும் தக்காளியும் இடம்பெறுவதில்லை. கடைகளில் இரண்டும் சேர்ந்துவிடும். கோயிலில் மிளகும் நெய்யும் மணக்கும் சம்பா சாதத்தோடு படைக்கப்படுகிறது, கடைகளில் இட்லிக்கும் பொங்கலுக்கும் துணையாக வருகிறது. படகுக்குப் புறப்படும் காலையில் இட்லியும் கொத்சும் போதும். வயிறு நிரம்பப் பூரி தின்றுவிட்டுப் படகில் குனிந்து நிமிர்வது எளிதன்று.

மீன் உண்பது படகிலிருந்து இறங்கிய பின். படகுத்துறையைச் சுற்றியும் கிள்ளைச் சாலையிலும் உள்ள சிறு கடைகளில் மீன் வறுவலும் இறாலும் நண்டும் மதியச் சோற்றோடு கிடைக்கும். அங்கே போய் வஞ்சிரம் கேட்காதீர்கள். வஞ்சிரம் சென்னையிலும் கிடைக்கும். பெரும்பாலும் பனியில் வந்ததாகவே இருக்கும். கழிமுகத்து மீனான மடவையும் கிழங்கானும் அன்றைக்கு வந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். கொடுவா இருந்தால் அதைவிட நல்லது. மடவை முள் சற்று அதிகம் உள்ள மீன், குழம்புக்கு ஏற்றது. கிழங்கான் முழுதாக வறுப்பதற்கு. வறுக்கும் முன் மீனைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் இருந்தால் தட்டில் போடச் சொல்லலாம். சேற்று நண்டு எடைக்கு விற்பது, விலை கூடுதல். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனமும் ஓட்டை அழுத்தினால் அமுங்காத உறுதியும் இருக்க வேண்டும். அண்மையில் ஓடு கழற்றிய நண்டு பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே நீர்தான் இருக்கும், அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

மீன் வந்து இறங்குவதைப் பார்க்க விரும்பினால் கிள்ளைக்கு அருகில் முடசல்ஓடையிலும் பரங்கிப்பேட்டைப் பக்கம் அன்னங்கோவிலிலும் இறங்குதளங்கள் உள்ளன. அதிகாலையில் ஏலம் நடக்கும்போது ஓரமாக நின்று பார்க்கலாம். ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகுகள் போய்வருவதால் மீன் முற்றிலும் இல்லாமற் போகாது, வகை குறையும், விலை ஏறும். பரங்கிப்பேட்டைக்குப் போகிறவர்கள் மாலையில் போகலாம். மரைக்காயர்கள் வாழ்ந்த பழைய துறைமுக ஊர் அது. பிரியாணிக்கும், அரிசிமாவும் தேங்காயும் வெங்காயமும் சேர்த்துத் தட்டி, மேலே இறாலைப் பதித்துப் பொரிக்கும் வாடாவுக்கும் மாலைநேரமே உகந்தது. வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் அதன் அருங்காட்சியகமும் உள்ளன. அலுவலக நாளில் முன்னதாகவே கேட்டுக்கொண்டு போனால், காட்டில் பார்த்த நண்டுக்கும் மீனுக்கும் பெயர் தெரிந்துகொள்ளலாம்.

பருவத்தைப் பொறுத்து, தை, மாசி மாதங்கள்தான் சிறந்தவை: மழை ஓய்ந்திருக்கும், காடு பசுமையாக இருக்கும், காலைக்காற்றில் குளிர்ச்சி மிஞ்சியிருக்கும், வலசைப் பறவைகளும் இன்னும் திரும்பிச் செல்லாமல் இருக்கும். கோடையில் போவதானால் ஒன்பதரைக்குள் கரையேறிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் புயல் எச்சரிக்கை வந்தாலோ கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தாலோ படகுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் திட்டமிட்டால் புறப்படும் நாளன்று காலையிலேயே படகுத்துறைக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுக் கிளம்புங்கள். முதல் நாள் பிற்பகலில் சிதம்பரம் வந்து சேர்ந்து, மாலையில் நடை திறந்தபின் கோயிலைப் பார்த்து, மறுநாள் காலையைப் படகுக்கும் மதியத்தை மீனுக்கும் ஒதுக்கினால், மாலை வாடாவைப் பரங்கிப்பேட்டையில் முடித்துக்கொண்டு கடலூர் வழியாகவே சென்னைக்குத் திரும்பிவிடலாம். மழையால் படகு நின்றுபோனால் அன்று காலையில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு, மதியச் சாப்பாட்டைச் சிதம்பரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.